ஐரோப்பா, மூன்று பேர், 14 இரவு: மலிவான நகரம் எது என்று எதை வைத்து முடிவு செய்வது?

நொய்யல்கரை (கோவை)

வணக்கம். வரும் 2026 செப்டம்பர் கடைசியில் நான், மனைவி, அம்மா மூவரும் ஐரோப்பா போக இருக்கிறோம். அம்மாவுக்கு 63 வயது. மூவரும் சைவம். விமான டிக்கெட், விசா நீங்கலாக 3 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கணக்குப் போட எளிதாக இருக்கட்டும் என்று ஒரு யூரோவுக்கு 100 ரூபாய் வைத்தால் 3,000 யூரோ.

இரண்டு வாரமாக இரவில் உட்கார்ந்து, நகரவாரியாகத் தினசரிச் செலவு போடும் தளங்களைப் பார்த்து ஓர் அட்டவணை தயாரித்தேன். மலிவில் தொடங்கி இப்படி வருகிறது: புடாபெஸ்ட், பிராக், வியன்னா, ம்யூனிக், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம். ஏழு நகரம், ஒவ்வொன்றிலும் இரண்டு இரவு. கூட்டிப் பார்த்தால் 2,900 சொச்சம் வருகிறது.

தொகை சரியாக வந்தும் மனம் ஒப்பவில்லை. எதையோ விட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. போய்வந்தவர்கள் கணக்கில் ஓட்டை எங்கே என்று காட்டினால் உதவியாக இருக்கும்.

இருப்புப்பாதை (பெங்களூரு)

ஓட்டை நகரங்களுக்கு நடுவில் இருக்கிறது. உங்கள் அட்டவணையில் பிராக்கில் இருக்கும் நாளுக்கு விலை உண்டு, வியன்னாவில் இருக்கும் நாளுக்கு விலை உண்டு. பிராக்கிலிருந்து வியன்னாவுக்குப் போகும் நாளுக்கு விலை எங்கே?

அந்த ஒரு நாளை மூன்று பேருக்குப் பிரித்துப் பார்க்கலாம். ரயிலோ பஸ்ஸோ சராசரியாகத் தலைக்கு 25 யூரோ என்று வைத்தால் 75. காலை 10 மணிக்கு அறையைக் காலிசெய்ய வேண்டும், அடுத்த ஊரில் மாலை 3 மணிக்குத்தான் சாவி கிடைக்கும். நடுவில் பெட்டிகளை ரயில் நிலைய லாக்கரில் வைக்க 8 முதல் 10. இரண்டு ஊரிலும் நிலையத்துக்குப் போக, வர உள்ளூர் டிக்கெட் 15. சமைக்க இடமில்லாத நாள் என்பதால் நிலையத்தில் வாங்கித்தான் சாப்பிட வேண்டும், அதில் 20 கூடுதல். ஆக 120 யூரோ. ஏழு நகரம் என்றால் ஆறு முறை இடம் மாறுகிறீர்கள். 720 யூரோ. உங்கள் 3,000இல் ஏறக்குறைய கால் பங்கு, அட்டவணையில் ஒரு வரிகூட இல்லாமல் போகிறது.

இதையே மூன்று நகரமாகக் குறைத்தால் இரண்டு மாற்றம், 240. மிச்சம் 480. பதினான்கு இரவுக்குப் பிரித்தால் இரவுக்கு 34 யூரோ. பிராக்குக்கும் வியன்னாவுக்கும் மூவர் தங்கும் அறையில் இருக்கும் வித்தியாசமே அவ்வளவுதான் இருக்கும். எந்த நகரம் மலிவு என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை நகரம் என்று கேளுங்கள். என் மூன்று பயணங்களில் நான் கற்றது இது ஒன்றுதான்.

முதுகுப்பை (லைப்சிக்)

அண்ணா சொல்லும் கணக்கு சரி. ஆனால் நகரத் தேர்வே முக்கியமில்லை என்பதுபோல் ஆகிவிடக் கூடாது. நான் இங்கே மாணவி. கடந்த கோடையில் கிராகோவ், பிர்னோ, புடாபெஸ்ட் என்று 30 நாள் சுற்றினேன். தங்கும் படுக்கை, சாப்பாடு, டிராம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 40 யூரோ தாண்டவில்லை. அதே பணத்தில் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்களில் படுக்கைகூடக் கிடைக்காது.

கிராகோவில் "பார் மிலெச்னி" என்று உணவகங்கள் இருக்கின்றன. பால் உணவகம் என்று பொருள். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் உழைப்பாளிகளுக்காக அரசு மானியத்தில் பெருகியவை, இன்றும் பல நடக்கின்றன. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த கொழுக்கட்டை, பீட்ரூட் சூப், கோதுமை அப்பம் என்று சைவர்களுக்கு வயிறு நிறையக் கிடைக்கும். தட்டை நாமே எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். என் பக்கத்தில் ஒரு பாட்டி தினமும் அதே மேசையில் உட்கார்ந்து சூப் குடிப்பார். மூன்றாம் நாள் எனக்கும் அந்த மேசையில் இடம் கொடுத்தார். இப்படி ஓர் இடம் இல்லாத ஊரையும் இருக்கும் ஊரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இருப்புப்பாதை

தங்கையே, நீங்கள் ஒருவர், பத்துப் பேர் படுக்கும் கூடத்தில் ஒரு படுக்கை. அவர்கள் மூவர், அதில் ஒருவர் அம்மா. மூன்று படுக்கை விலைக்குச் சமையலறையோடு ஒரு சிறிய குடியிருப்பே கிடைக்கும் ஊர்கள் உண்டு. தினசரிச் செலவு அட்டவணைகள் பெரும்பாலும் ஒற்றை ஆளை நினைத்துப் போட்டவை. அவற்றை மூன்றால் பெருக்கினால் வரும் தொகை எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தாது. தங்குமிடத்தைப் பெருக்கக் கூடாது. சாப்பாட்டைப் பாதியளவுதான் பெருக்க வேண்டும். டிக்கெட்டை மட்டும் முழுதாகப் பெருக்க வேண்டும்.

வைகைக்கரை (மதுரை)

ம்யூனிக்கை உடனே எடுத்துவிடுங்கள். இந்த ஆண்டு அங்கே அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பெரிய பீர் திருவிழா செப்டம்பர் 19 தொடங்கி அக்டோபர் 4 வரை. நீங்கள் சொல்லும் நாட்கள் அப்படியே அதற்குள் விழுகின்றன. பெயரில் அக்டோபர் இருப்பதால் நானும் ஏமாந்தேன். 2023இல் அட்டவணையில் 90 யூரோ என்று பார்த்த அறை, போகும் வாரத்துக்கு 260. கடைசியில் ரயிலில் முக்கால் மணி நேரம் தள்ளி ஆக்ஸ்பர்க்கில் தங்கிச் சமாளித்தோம்.

அப்போது எங்களைக் காப்பாற்றியது பவேரியா மாநில நாள் டிக்கெட். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் நாள் முழுக்க மாநிலத்தின் உள்ளூர் ரயில்களில் போகலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைக்கும் அது செல்லுபடியாகும். ஆள் கூடக் கூடத் தலைக்கு விலை குறைகிற டிக்கெட் எந்த ஊரில் இருக்கிறது என்று பார்ப்பது, மூவராகப் போகிறவர்களுக்கு மிக அவசியம்.

டானூப்கரை (வியன்னா)

பதினோரு ஆண்டுகளாக வியன்னாவில் இருக்கிறேன். தம்பி, உங்கள் அட்டவணையில் வியன்னாவின் ஒருவழி டிக்கெட் 2.40 யூரோ என்றுதானே இருக்கிறது? பல தளங்களில் இன்னும் அப்படித்தான் கிடக்கிறது. 2026 ஜனவரி முதல் காகித டிக்கெட் 3.20. மூன்று பேர் ஒரு நாளில் நான்கு முறை ஏறி இறங்கினால் அந்த 80 சென்ட் 9 யூரோ 60 சென்ட் ஆகிவிடும். எந்தத் தளமானாலும் விலை எந்தத் தேதியில் எடுத்தது என்று முதலில் பாருங்கள். தேதி போடாத விலையை நம்பவே வேண்டாம்.

அடுத்தது வரி. அட்டவணைகளில் இதை யாரும் சேர்ப்பதில்லை. ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம் சுற்றுலா வரி. போதாததற்கு, இந்த ஜனவரி முதல் நெதர்லாந்தில் தங்குமிடங்களுக்கான மதிப்புக்கூட்டு வரி 9இலிருந்து 21 சதவீதமாகிவிட்டது. ரோமில் வேறு முறை: மூன்று நட்சத்திர ஓட்டல் என்றால் தலைக்கு இரவுக்கு 6 யூரோ. மூவர் நான்கு இரவு தங்கினால் 72 யூரோ, அதையும் பெரும்பாலும் ஓட்டல் வரவேற்பில் தனியாகக் கேட்டு வாங்குவார்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் செலவையும் ஒப்பிடுங்கள். பிராக்கில் சாதாரண நகர டிக்கெட்டே போதும். 59ஆம் எண் டிராலி பஸ்ஸில் வந்து மெட்ரோ மாறலாம். புடாபெஸ்டில் நேராக ஊருக்குள் வரும் 100E பஸ்ஸுக்குத் தனி விலை, ஆனால் 200E பஸ்ஸில் ஏறி மெட்ரோ மாறினால் சாதாரண டிக்கெட். வியன்னாவில் விளம்பரம் எல்லாம் பச்சை நிற விரைவு ரயிலுக்குத்தான். சாதாரண உள்ளூர் ரயில் அதன் விலையில் பாதிகூட வராது. பத்து நிமிடம்தான் கூட ஆகும்.

சாப்பாட்டுக்கு: மத்தியானம் வெளியே சாப்பிடுங்கள், இரவு சமையுங்கள். இங்கே வார நாட்களில் மதிய மெனு என்று சூப்பும் ஒரு முக்கிய உணவும் சேர்த்துக் குறைந்த விலைக்குத் தருவார்கள், பிராக்கிலும் அப்படித்தான். அதே உணவகத்தில் அதே தட்டு இரவில் ஒன்றரை மடங்கு. ஆனால் நீங்கள் சைவம் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். முக்கிய உணவு சைவமாக இருந்தாலும் அந்தச் சூப் பெரும்பாலும் மாட்டிறைச்சி கொதித்த நீரில் செய்தது. தெளிவாக, மஞ்சளாக, மேலே நறுக்கிய வெங்காயத்தாள் மிதக்க, பார்த்தால் நம் ரசம் போலவே இருக்கும். என் மாமியார் முதல் முறை வந்தபோது கரண்டியை வாய்வரை கொண்டுபோய்விட்டார். கேட்டுவிட்டு வாங்குங்கள். தண்ணீர்ப் புட்டி மட்டும் இங்கே வாங்காதீர்கள். குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர்.

நொய்யல்கரை

இவ்வளவு விவரமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ம்யூனிக், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் மூன்றையும் எடுத்துவிட்டேன். பிராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று சுருக்கி, பாரிஸையும் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அறை வாடகை பயமுறுத்துகிறது.

இன்னொரு யோசனை: வியன்னாவுக்குப் பதிலாக ஸ்லோவாக்கியாவின் பிராத்திஸ்லாவாவில் தங்கி, ரயிலில் ஒரு மணி நேரத்தில் வியன்னா போய்வரலாமா, அக்கா?

டானூப்கரை

வேண்டாம். போக வரத் தலைக்கு 15 முதல் 20 யூரோ, மூவருக்கு 45க்குக் குறையாது. அறையில் அவ்வளவு மிச்சம் வராது. அம்மாவுக்கு மத்தியானம் கால் வலித்தால் அறைக்குப் போய்ப் படுக்கவும் முடியாது. பிராத்திஸ்லாவா அழகான ஊர், அதற்காகவே ஒரு நாள் போய்வாருங்கள்.

லாச்சப்பல் (பாரிஸ்)

வணக்கம் தம்பி. முப்பது வருடமாகப் பாரிஸில் வாழும் ஈழத்தமிழன். பாரிஸை விடுவது உங்கள் விருப்பம். ஆனால் பயந்து விடுகிறீர்கள் என்றால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று சொல்ல வேண்டியது என் கடமை.

பயப்பட வேண்டியது நுழைவுச்சீட்டுக்கு. லூவ்ர் அருங்காட்சியகத்தில் இந்த ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ, மற்றவர்களுக்கு 22. ஐரோப்பியர்கள் தங்களுக்குப் போட்ட அட்டவணையில் இது 22 என்றே இருக்கும். உங்கள் மூவருக்கும் 96. பார்க்கத்தான் வேண்டும் என்ற ஆசை இருந்தால் கொடுத்துப் பாருங்கள், பார்த்தாக வேண்டுமே என்பதற்காகப் போகாதீர்கள். பெத்தி பலே, கார்னவாலே போன்ற பாரிஸ் மாநகர அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகள் எல்லோருக்கும் இலவசம். தீயில் எரிந்து 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர்தாம் தேவாலயத்துக்குள் போகக் காசு இல்லை.

சாப்பாட்டுக்குப் பயப்படத் தேவையில்லை. கார் டு நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் எங்கள் லாச்சப்பல். இடியப்பம், தோசை, மரக்கறிச் சாப்பாடு எல்லாம் நகர மையத்தில் ஒரு சாண்ட்விச்சும் கோப்பியும் வாங்கும் காசுக்குக் கிடைக்கும். அரிசி, பருப்பு, கறிவேப்பிலைவரை கடைகளில் உண்டு. பக்கத்தில் மாணிக்க விநாயகர் ஆலயம். அம்மாவுக்குப் பிடிக்கும். பிரெஞ்சு உணவகத்தில் உட்கார்ந்தாலும் "காராஃப் தோ" என்று கேளுங்கள்; குழாய்த் தண்ணீரை இலவசமாக வைக்க வேண்டும் என்பது இங்கே சட்டம்.

முதுகுப்பை

மூன்று பேர் கணக்கில் நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன், இருப்புப்பாதை அண்ணா சொன்னது சரிதான். நகரத் தேர்வு பற்றிய என் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. புடாபெஸ்டைக் கைவிடாதீர்கள்.

இன்னொரு செலவு எந்தப் பட்டியலிலும் வராது. பிராக்கின் பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பண இயந்திரத்தில் 4,000 கொருனா எடுத்தேன். திரையில் என் நாட்டுப் பணத்தில் எவ்வளவு என்று பெரிதாகக் காட்டி, "ஏற்கிறேன்" என்ற பச்சைப் பொத்தான் நடுவில் நின்றது. "மாற்றம் இல்லாமல் தொடர்க" என்பது கீழே மூலையில் பொடி எழுத்தில். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள், பச்சையை அழுத்திவிட்டேன். அன்றைய மாற்று விலையோடு ஒப்பிட்டால் சுமார் 12 சதவீதம் கூடுதலாகப் போயிருந்தது. மலிவான ஊர் என்று போய் அந்த மலிவை ஒரே பொத்தானில் தொலைத்தேன். செக், ஹங்கேரி, போலந்து மூன்றும் யூரோ இல்லாத நாடுகள். இயந்திரத்திலும் கடையிலும் எப்போதும் அந்த ஊர் நாணயத்திலேயே கழிக்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை

இந்திய வங்கி அட்டைகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பதும், அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. கிளம்பும் முன் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை

நேற்று இரவு இந்த இழை முழுவதையும் அம்மாவுக்கும் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். லாச்சப்பல் அண்ணன் எழுதியதைக் கேட்டதும் அம்மா எழுந்து போய்ப் பூஜை அலமாரிக்குப் பக்கத்திலிருந்து பழைய தகரப் பெட்டியை எடுத்து வந்தார். அதில் அப்பா 1987இல் ஒரு கண்காட்சியில் வாங்கிக் கொடுத்த சாவிக்கொத்து. ஈபெல் கோபுரம். பித்தளை பூச்சு போய் வெளுத்திருக்கிறது. "நீ செலவு என்று சொன்னதால் நான் கேட்கவில்லை" என்றார்.

அட்டவணையில் பாரிஸ் கடைசியிலிருந்து இரண்டாவது. அதை வைத்தே தூக்கி எறியப் பார்த்தேன். இப்போது கேள்வி மாறிவிட்டது. பாரிஸ் கட்டாயம். 3,000க்குள் மீதியை எப்படி அமைப்பது?

இருப்புப்பாதை

அப்படியானால் பாரிஸில்தான் அதிக இரவுகள் தங்க வேண்டும். போகும் செலவு ஒரே செலவுதான். இரண்டு இரவு தங்கினாலும் ஆறு இரவு தங்கினாலும் அது கூடாது. விசாவுக்கும் அது தெளிவு. அதிக இரவு தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. ஏழு நகரத்தில் இரண்டிரண்டு இரவு என்ற உங்கள் முதல் திட்டத்தில் அதிகாரி குழம்பியிருப்பார். விசாக் கட்டணம் பெரியவர்களுக்குத் தலைக்கு 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

பிராக்கை விடுங்கள். பாரிஸ், வியன்னா, புடாபெஸ்ட். பாரிஸிலிருந்து வியன்னாவுக்கு 2021 முதல் இரவு ரயில் ஓடியது. அதில் போகச் சொல்லியிருப்பேன். கடந்த டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்னும் வருத்தம் தீரவில்லை. விமானம்தான். டிக்கெட் விலையைப் பார்க்காமல், மூன்று பெட்டியும் சேர்த்த விலையைப் பாருங்கள். எந்த நிலையம் என்றும் பாருங்கள். பாரிஸ் போவே என்று எழுதியிருக்கும் நிலையம் பாரிஸிலிருந்து 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சென்னையிலிருந்து பாரிஸ் போய், புடாபெஸ்டிலிருந்து திரும்புவதுபோல் ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

லாச்சப்பல்

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் தம்பி.

எந்தக் கிழமை வந்து இறங்குகிறீர்கள்? திங்கட்கிழமை வந்தால் நல்லது. காரணம் சொல்கிறேன். இங்கே நவிகோ வார அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டுமே செல்லும். வியாழக்கிழமை வாங்கினாலும் ஞாயிறோடு முடிந்துவிடும். இந்த ஆண்டு 32.40 யூரோ, அட்டைக்கு ஒருமுறை 5 யூரோ. சிறிய புகைப்படம் ஒன்று வேண்டும், ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். மெட்ரோ, பஸ், டிராம், புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் செல்லும். விமான நிலையத்துக்கும் செல்லும்.

தனித்தனியாக வாங்கினால் விமான நிலைய டிக்கெட் 14, ஒரு மெட்ரோப் பயணம் 2.55. மூவரும் விமான நிலையம் போக, வர 84 யூரோ. வார அட்டை மூவருக்கும் 112 யூரோ 20 சென்ட். வித்தியாசம் 28 யூரோ 20 சென்ட். அந்தக் காசில் மூவரும் ஒரு வாரம் முழுக்க ஏறி இறங்கலாம். சனிக்கிழமை வந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். நகர மையத்துக்கு வெளியே, மெட்ரோ கடைசி நிறுத்தங்களில் அறை பார்த்தாலும் இந்த அட்டை இருப்பதால் கூடுதல் செலவு இல்லை.

கோபுரத்துக்கு மேலே ஏறுவது உங்கள் விருப்பம். இருட்டியபின் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் அது முழுவதும் மின்னும். த்ரொகாதேரோ மேடையிலிருந்து பார்க்கச் செலவே இல்லை. உட்காரப் படிக்கட்டு இருக்கிறது.

நொய்யல்கரை

முடிவு செய்துவிட்டோம். செப்டம்பர் 21 திங்கள் பாரிஸ், ஆறு இரவு. 27 ஞாயிறு வியன்னா, நான்கு இரவு. அக்டோபர் 1 புடாபெஸ்ட், நான்கு இரவு.

மூவருக்கும் சேர்த்து: பாரிஸில் சமையலறையோடு 120 வீதம் 720. வியன்னா 110 வீதம் 440. புடாபெஸ்ட் 75 வீதம் 300. பாரிஸ்–வியன்னா விமானம் பெட்டிகளோடு 240, வியன்னா–புடாபெஸ்ட் ரயில் 60. சாப்பாடு நாளுக்கு 45 என்று 630. உள்ளூர்ப் போக்குவரத்து 240. நுழைவுச்சீட்டு 200. ஆக 2,830 யூரோ. கையில் 170 மிச்சம். அறைகள் எல்லாவற்றுக்கும் வரி சேர்த்த விலையைத்தான் போட்டிருக்கிறேன். லூவ்ர் இல்லை, அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார்.

டானூப்கரை

ஞாயிற்றுக்கிழமை வியன்னா வருகிறீர்கள். அன்று இங்கே பல்பொருள் கடைகள் அனைத்தும் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் இருப்பவை தவிர. விமான நிலையத்திலிருந்து ரயிலில் வந்து அப்படி ஒரு பெரிய நிலையத்தில் இறங்கிப் பால், ரொட்டி, தயிர் வாங்கிக்கொண்டு அறைக்குப் போங்கள். வரிசை நீளமாக இருக்கும். ஊர் முழுவதும் அன்று அங்கேதான் வாங்கும்.

நொய்யல்கரை

குறித்துக்கொண்டேன் அக்கா. அம்மா சாவிக்கொத்தை எலுமிச்சையும் புளியும் போட்டுத் துலக்கிக்கொண்டிருக்கிறார்.